நீல நூல் கட்டிய சாவி

ஒரு சாவி சிமெண்டுத் தரையில் விழுந்தால் எவ்வளவு சத்தம் வந்துவிடப் போகிறது? எங்கள் எதிர்வீட்டு அக்கா அன்று தெருவைத் தாண்டி எறிந்த சாவி எங்கள் வாசலில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, கோழிக்கூட்டுக்கு அடியில் போய்க் கிடந்தது. அவ்வளவுதான் சத்தம். ஆனால் குழாயடியில் நின்ற அத்தனை பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாவியின் தலையில் நீல நைலான் நூல் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியது நான்தான். அக்கா அதைத் தூக்கி எறியும்படி பேசியதும் நான்தான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாய்க்கு மட்டும் கூடுதலாகப் பத்து வயது இருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் அண்ணன், மதினி, நான் மூவரும் ஒரு வீட்டில் இருந்தோம். அண்ணன் லோடு லாரியில் போனால் திரும்ப நாலைந்து நாளாகும். மதினி பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். ஏழேகாலுக்கெல்லாம் எங்கள் தெருவில் கோழிகளைத் தவிர ஆள் இருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடம், பெரியவர்கள் வேலை, வரிசையாகப் பூட்டிய கதவுகள். திருடனுக்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத தெரு அது. அக்கம்பக்கத்து ஊர்களில் பட்டப்பகலில் இரண்டு மூன்று வீடுகளில் கைவைத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அந்த வருடம் தீபாவளிக்குக் கம்பெனியில் வழக்கமாகக் கொடுக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பூட்டு கொடுத்தார்கள். திருட்டு பயம் என்று பெண்கள் புலம்பியதைக் கேட்டு யாரோ நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. தீபாவளிவரை காத்திருக்காமல், ஆயுத பூசையன்றே கைக்கு வந்துவிட்டது. பளபளவென்று கனமான பூட்டு, இரண்டு சாவிகள். தெருவில் இருந்த துருப்பிடித்த பழைய பூட்டுகள் அத்தனையும் ஒரே நாளில் கழன்று, வாசலுக்கு வாசல் ஒரே மாதிரிப் பூட்டு தொங்கியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு சாவி மதினியிடம். இன்னொன்று எதிர்வீட்டு அக்காவிடம். நான் வேலை முடிந்து முன்னால் வந்துவிட்டால் அவர் வீட்டில் வாங்கித் திறந்துகொள்வேன். அக்காவும் மதினியோடு அதே கம்பெனிக்குப் போய்வந்ததால் அவருடைய மகள்தான் எடுத்துத் தருவாள். அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. புருஷன் இறந்தபின் அக்கா தனியாளாக நின்று அவளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

சாவிகளுக்கு நூல் கட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனி கேட்டைத் தாண்டி இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊக்கு, கொண்டை ஊசி, சாவி எல்லாவற்றையும் கேட்டில் வாட்ச்மேன் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பேசினில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் வேன் கிளம்பும் அவசரத்தில் ஆளாளுக்கு அதில் கைவிட்டு அவரவர் சாவியைத் தேடுவார்கள். புதுச் சாவிகள் ஒரே அச்சாக இருந்ததால் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு நீலம், கடைசி வீட்டுக்குப் பச்சை, எதிர்வீட்டுக்கு மஞ்சள். நூலின் நிறத்தை அத்தனை கவனமாகப் பார்த்த நாங்கள் யாரும் சாவியின் பல்லைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து, அக்காவிடம் சாவி வாங்கி, பூட்டைத் திறந்து உள்ளே போனேன். டிரங்குப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. மதினியின் ஜிமிக்கியைக் காணவில்லை. அவருடைய அம்மா கழுத்தில் கிடந்ததை அழித்துச் செய்து போட்ட ஜிமிக்கி. என் வெள்ளிக் கொலுசும் இல்லை. கதவில் கீறல் இல்லை, ஓடு நகரவில்லை, பூட்டு பூட்டியபடி இருந்தது. அன்றைக்கென்று காய்ச்சலால் வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தது எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. வேன் வந்து நின்று, பெண்கள் குடத்தோடு குழாயடிக்கு வந்த நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். “பூட்டு ஒடையல. இன்னொரு சாவி ஒங்ககிட்டதான் இருக்கு. நீங்கதான் வீட்டுல இருந்தீக. பெறகு யாரு எடுத்தா?”

அக்கா அப்படியே திரும்பினார். நேரே வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்து எங்கள் வாசலைப் பார்த்து எறிந்தார். நான் முதலில் சொன்ன சத்தம் அதுதான். மதினி என் முதுகில் ஓர் அறை வைத்து என்னை உள்ளே இழுத்துப் போனார். “அவுக எடுக்க மாட்டாகடி. ஜிமிக்கி போனா போகுது. இப்ப நீ தொலச்சிருக்கியே, அத எந்தக் கடையில போயி வாங்குவ?” என்று அழுதார். எனக்கு அப்போது மதினி மேல்தான் கோபம் வந்தது. நகையைப் பறிகொடுத்தவர் நியாயத்துக்கு என் பக்கம் அல்லவா நிற்க வேண்டும்?

போலீசார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அக்காவிடமும் இரண்டு முறை கேட்டார்கள். அதன்பிறகு அவர் வேனில் கடைசி இருக்கையில் தனியாக உட்கார ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் யாரோ மகளிடம் எதையோ கேட்டிருக்கிறார்கள். அவள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. தீபாவளி சீசன் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகப் போவதாக அக்கா யாரிடமோ சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. அங்கே போனால் அந்தப் பெண்ணின் படிப்பு அத்தோடு சரி, தம்பி பெண்டாட்டி மறுநாளே தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடுவாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டும் கேட்காததுபோல் இருந்தேன். உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பூட்டியிருந்த அந்தப் பூட்டு என் பக்கம் சாட்சியாக இருந்தது.

அந்தச் சாட்சி ஒரு மழை நாளில் பல்டி அடித்தது. வேன் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, பெண்கள் பேசினில் அவசரமாகக் கைவிட்டு அள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். மதினி வந்து கதவைத் திறந்து, தலையைத் துவட்டி, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். அப்போது கடைசி வீட்டுப் பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

“யக்கா, ஒங்க சாவிய நான் எடுத்துட்டு வந்துட்டேன். ஏஞ்சாவி இங்கனயா இருக்கு?”

மதினி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். பச்சை நூல். அந்தப் பெண்ணின் கையில் நீல நூல்.

“ஏட்டி, அப்ப நீ ஒங்க வீட்ட எப்படித் தெறந்த?”

“இதவச்சுத்தான் தெறந்தேன். பெறகுதான் நூலப் பாத்தேன்.” சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

மதினி அடுப்பை அணைத்தார். மழை விட்டும் விடாமலும் இருந்தது. இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டுப் பூட்டில் நுழைத்தார். திறக்கவில்லை. அதற்கடுத்த வீடு, திறந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவே வெளியில் வந்துவிட்டது. ஒருத்தி சாவி இன்னொருத்தி வாசலில், இவள் சாவி அவள் வாசலில். கையெல்லாம் பட்டாசில் சேரும் அலுமினியத் தூள் மினுங்க, திறக்கும்போதெல்லாம் “யாத்தே!” என்று கத்துவதும், கத்திவிட்டுச் சிரிப்பதுமாக இருந்தார்கள். எங்கள் சாவி எங்கள் வீட்டோடு சேர்த்து ஏழு வீடுகளைத் திறந்தது. மலிவாக மொத்தத்தில் வாங்கிய பூட்டில் நாலைந்து வகைச் சாவிக்கு மேல் இல்லை. அதே சாவிகள்தான் பகல் முழுக்க கேட்டில், போவோர் வருவோர் கைபடும் இடத்தில், திறந்த பேசினில் கிடந்தன. எவன் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்து எங்கள் வீட்டைத் திறந்து, திரும்பப் பூட்டிவிட்டும் போயிருக்கலாம். எதிர்வீட்டு அக்கா மட்டும் கதவைத் திறந்து வெளியில் வரவில்லை.

நான் கோழிக்கூட்டில் சொருகி வைத்திருந்த அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா வீட்டுக்குப் போய்த் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று மதினி சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வார்த்தையைக் கொட்டியது குழாயடியில், அள்ளுவதும் அங்கேதான் என்று நினைத்தேன். மறுநாள் காலை அக்கா குடத்தோடு வந்து வரிசையில் நின்றபோது, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். “அக்கா, நான் சொன்னது பொய். பாக்காம, யோசிக்காம சொன்ன பொய். என்னய மன்னிச்சிருங்க. ஊர விட்டுப் போகாதீக.” அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அக்கா குடம் நிறையும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. நிறைந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எம்மவ ரெண்டு நா சாப்பிடல, தெரியுமா ஒனக்கு?”

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“அவகிட்டயும் வந்து சொல்லு. பள்ளிக்கூடம் விட்டு வருவா.” சொல்லிவிட்டு ஈரக் கையை நீட்டினார். நான் சாவியை வைத்தேன். சாயங்காலம் போய் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் ஒரு முறை முறைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் கூடிப் பேசினார்கள். கம்பிக் கதவு போட யாரிடமும் வசதி இல்லை. கதவில் வெடியைக் கட்டிவிட்டால் திறந்ததும் ஊருக்கே கேட்கும் என்று எங்கள் தெரு ஆண்களில் ஒருவர் யோசனை சொன்னார். “பகலெல்லாம் மருந்தோட கெடக்குறது பத்தலயாக்கும், வீட்டுக்குள்ள வேறயா?” என்று எதிர்வீட்டு அக்கா ஒரே போடாகப் போட்டார். நல்ல யோசனைகளும் அவரிடமிருந்துதான் வந்தன. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் பூட்டு வாங்கக்கூடாது. ஒருத்தி சாத்தூர், ஒருத்தி விருதுநகர், ஒருத்தி திருத்தங்கல் என்று பிரித்துவிட்டார். கேட்டில் போடும் சாவியைப் பெயர் எழுதிய துணிச் சுருக்குப்பையில் போட்டு முடிந்து வாட்ச்மேன் கையில் கொடுக்க வேண்டும். பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு கட்டையும், அதன்மேல் நாலு எவர்சில்வர் டம்ளரும். கதவு அசைந்தால் டம்ளர் உருண்டு தெருவைக் கூட்டிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. எங்கள் பக்கம் பட்டாசுக்கு வெறும் காகிதக் குழாய் சுற்றும் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்தும் செய்வார்கள். அதில் மருந்து கிடையாது. முறைவைத்து ஒரு நாளைக்கு இரண்டு பேர் கம்பெனிக்குப் போகாமல், தெருமுனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குழாய் சுற்றினால் கூலியும் வரும், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கண்ணும் இருக்கும். முதல் நாள் முறைக்கு மதினியும் எதிர்வீட்டு அக்காவும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். அந்த ஜிமிக்கி கடைசிவரை கிடைக்கவில்லை, எடுத்தவன் யாரென்றும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு செம்புகூடக் காணாமல் போனதில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்பும் தாண்டி, நர்சிங் முடித்து இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள்.

நான் திருத்தங்கலில் இருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் கேமரா வைத்திருக்கிறோம். எதிர்வீட்டில் இருப்பவர்கள் யாரென்று அது எனக்குத் தினமும் காட்டுகிறது, நான்தான் அவர்களோடு இன்னும் பேசியதில்லை. போன மாதம் முன்கூட்டிச் சொல்லாமல் மதினியைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா, இப்போது தலை முழுக்க நரை, வெளியில் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாத்தா, நல்லாருக்கியா? மதினி கலியாணத்துக்குப் போயிருக்கா. செத்த நில்லு.”

சாவி எடுத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். செல்போனோடு வந்தார். என் எதிரிலேயே நம்பரை அழுத்தினார். “ஏ புள்ள, ஒன் நாத்தனா வந்து நிக்கா. கதவத் தெறந்து விடவா, வேண்டாமா?”

அந்தப் பக்கம் மதினி சிரித்த சிரிப்பு வெயிலில் நின்ற எனக்குக் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சரி, நீ சொன்னாச் சரி” என்று போனை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டு மூன்று முறை மாறிவிட்டது, சாவியும் மாறிவிட்டது. அதன் தலையில் வெளுத்துப்போய் நிறம் தெரியாத ஒரு நைலான் நூல் இருந்தது. முடிச்சு என்னுடையது. என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுச் சொன்னார், “போகும்போது மறக்காம எங்கையில குடுத்துட்டுப் போகணும்.”