சந்திக் கிணற்றை வெட்டிய மூன்று பேர்

பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை. அச்சுத்தாள் இல்லாதபடியால் பத்திரிகையே பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித்தாளில்தான் வந்துகொண்டிருந்தது. இப்படியொரு வசதியான நேரம் பார்த்து எங்கள் வாசிகசாலை ஊர் வரலாறு வெளியிடத் தீர்மானித்தது. உரும்பிராயிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வரலாறு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் எழுதுவது என்றுதான் கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். வேறு யாரும் உயர்த்தாததை என் திறமைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

ஆதாரத்துக்குக் கல்வெட்டுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்கு அதுதான் பெயர். உள்ளே படம், வம்சாவளி, புகழ்ப்பாட்டு. வீடு வீடாக ஏறி இறங்கி ஓர் உரப்பை நிறையச் சேர்த்தேன். வாசித்துப் பார்த்ததில் எங்கள் ஊரில் அன்றுவரை ஒரு கெட்ட மனிதன்கூடச் சாகவில்லை என்று தெரிந்தது.

சிக்கல் சந்திக் கிணற்றில் தொடங்கியது. ஊரின் நல்ல தண்ணீர்க் கிணறு அது. தன் தகப்பனே அதை வெட்டினார் என்று வாசிகசாலைத் தலைவர் கல்வெட்டோடு வந்தார். ‘தன்கையால் கல்பிளந்து சந்தியிலே கிணறுதந்தான்’ என்று பாட்டு சொன்னது. இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் தன் தகப்பனின் கல்வெட்டோடு வந்தார். அதே கிணறு. அதே வரி.

“ஆர் பாடினதெண்டு பாரும்” என்றார் ரீச்சர்.

பார்க்கத் தேவையிருக்கவில்லை. இரண்டையும் பாடியவன் நான். “ஐயா ஊருக்குச் செய்த ஏதாவது ஒண்டைப் போடு” என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றபோது, தேடியும் ஒன்றும் அகப்படாமல் கிணற்றைக் கொடுத்தேன். ரீச்சர் வீட்டில் அந்தியேட்டிக்கு முதல்நாள்தான் சொன்னார்கள்; பழைய பாட்டையே எடுத்துப் பெயரை மாற்றினேன். ஓசை இடிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர், பரம்பரையாகக் கிணறு வெட்டும் குடும்பத்தவர். கல்வெட்டு இல்லாமல், வெறுங்கையோடு வந்தார்.

“தம்பி, அந்தக் கிணறு என்ரை அப்பு வெட்டினது. அவரின்ரை பேரும் புத்தகத்திலை வரவேணும்.”

“ஆதாரம் இருக்கோ?” வெட்கமில்லாமல் கேட்டேன்.

“எங்கடை செத்தவீட்டுக்குப் பாட்டுப் பாட நீங்கள் வந்தனீங்களோ? கிழக்குச் சுவரிலை ஒரு மாடம் கிடக்கு. அப்பு சோத்துப்பெட்டி வைக்கச் செதுக்கினது. தண்ணி வத்தினாத்தான் தெரியும். இறங்கிப் பாருங்கோ.”

ஆவணியில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கிய நாளில் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள். பாதி வழியில், நான் பாடிவைத்த அத்தனை உத்தமர்களையும் கூப்பிட்டு மன்றாடினேன். ஒருவரும் வரவில்லை. மாடம் மட்டும் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

“மாடம் இருக்கோ?” மேலேயிருந்து ரீச்சர்.

“இருக்கு ரீச்சர்!”

“என்ரை ஐயாவும் அதிலை சோறு வைச்சிருப்பார்” என்றார் தலைவர்.

“அண்ணை, உங்கடை ஐயா கல்லுடைக்க அலவாங்கு பிடிச்சதை ஆரும் கண்டதோ?” என்று கீழேயிருந்து கத்தினேன்.

“அப்ப கல்வெட்டிலை கிடக்கிறது பொய்யோ?”

“பொய்தான். பாட்டு நான்தான் கட்டினது. முதல் என்னைத் தூக்குங்கோ!”

கயிறு கொஞ்ச நேரம் அசையவேயில்லை.

தூக்கினார்கள். ஆனால் புத்தகத்துக்கென்று தலைவர் சேர்த்து வைத்திருந்த கொப்பிகள் மறுநாளே யாரோ உறவுக்காரப் பிள்ளைகளின் படிப்புக்குப் போய்விட்டன. ஊர் வரலாறு அத்தோடு முடிந்தது. கிணற்றைப் பற்றிய பக்கத்தை மட்டும் கொப்பியில் கிழித்த ஓர் ஒற்றைத் தாளில், கிணறு வெட்டுபவரின் தகப்பன் பெயரோடு எழுதி, அவரிடம் கொண்டுபோனேன். வாசிக்கச் சொன்னார். குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“வெட்டி முடிஞ்ச பிறகு அதிலை எங்களை ஒரு வாளி தண்ணி அள்ள விடேல்லை. அதையும் எழுதினியளோ?”

எழுதவில்லை. ஒரே பாட்டால் இரண்டு பேருக்குக் கிணறு கொடுத்தவனுக்கு இந்த ஒரு வரி வரவில்லை.

“தாளிலை இடம் காணாது” என்றேன்.

அவர் ஒற்றையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் வெறுமையாக் கிடக்குத் தம்பி.”