கரண்ட் வெல்டிங் வந்த தை மாதம்

1. பழைய செட்டும் புதிய செட்டும்

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்த்த பட்டறைக்குக் கரண்ட் வெல்டிங் செட் வந்தது பிரமாதி வருஷம் தை மாதம். மார்கழி என்று சொல்பவர்களும் உண்டு. பொங்கலுக்கு அடித்த வெள்ளை ஈரம் காய்வதற்குள் செட்டைச் சுவரோரம் சாய்த்துச் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டோம் என்று முதலாளி திட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே தைதான்.

அதுவரை எங்களிடம் இருந்தது காஸ் வெல்டிங். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டிரம். உள்ளே கார்பைடு கல், மேலே தண்ணீர். தண்ணீர் பட்டதும் காஸ் கிளம்பும். பட்டறை முழுக்கப் பூண்டு நாற்றம் அடிக்கும். ஆக்ஸிஜன் சிலிண்டர் சென்னையிலிருந்து ரயிலில் வரும். காஸ் டார்ச் பிடித்தவன் நான்தான். அந்த டிரம் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் கூரை போய்விடும். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனாலேயே எங்கள் பட்டறையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போர் வந்ததும் கார்பைடு அருகிப்போயிற்று. மேட்டூர்ப் பக்கம் ஏதோ வேலை முடிந்து ஏலத்துக்கு வந்த செட் ஒன்றை முதலாளி எடுத்தார். ஒரே இரும்புச் சட்டத்தில் மோட்டாரும் டைனமோவும். ஆறு பேர் சேர்ந்துதான் வண்டியிலிருந்து இறக்கினோம். இப்போது ஒரே ஆள் உருட்டிக்கொண்டு போகிற செட்டைப் பார்க்கும் இளைஞர்களுக்கு அது சிரிப்பாக இருக்கலாம்.

ஆனால் வேலை என்று பார்த்தால் புதியதுதான் உசத்தி. காஸில் கனமான இரும்புத் தண்டு ஒட்ட, முதலில் அடுப்புக்கரி போட்டுச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். ஒட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். சூட்டில் தண்டும் கோணிக்கொள்ளும். கரண்டில் அந்தத் தொல்லை இல்லை. பிடித்த இடத்தில் மட்டும் உருகும். இதை மறுத்துப் பேசுகிற பழைய ஆட்களோடு நான் சேர்வதில்லை.

2. கல்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இரும்பு கொண்டுவந்தவர் அது ஒட்டி முடியும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். எங்கோ ஒரு பட்டறையில் நல்ல இரும்பை எடுத்துக்கொண்டு மட்டமானதை மாற்றிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு. அதிலிருந்து எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். எங்களிடம் அதற்கென்றே ஒரு கல் கிடந்தது, டார்ச்சுக்கு ஐந்தாறு அடி தள்ளி. காஸ் தீயை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு அந்தக் கல்லில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். கொஞ்சம் கண் கூசும், அவ்வளவுதான்.

புதிய செட்டை ஓட்டச் சென்னையிலிருந்து டேவிட் என்பவரை முதலாளி கூட்டிவந்தார். கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. வந்த அன்றே கல்லைப் பார்த்துவிட்டு, அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் போடச் சொன்னார். முதலாளி ஒப்பவில்லை.

"மறைச்சு ஒட்டுனா நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டானப்பா. எதுத்த பட்டறைக்காரன் சும்மா இருப்பானா?"

கல் இருந்த இடத்திலேயே இருந்தது. காஸ் வெளிச்சமும் இதுவும் ஒரே மாதிரி வெளிச்சம் என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம்.

3. நாச்சிமுத்துக் கவுண்டர்

அந்தத் தையிலேயே பரமத்திப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துக் கவுண்டர் வந்தார். அவருடைய கரும்பு ஆலையின் தண்டு நடுவில் முறிந்திருந்தது. வெட்டின கரும்பு காட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றே வேண்டும் என்றார். கரண்டில் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று முதலாளி சொல்ல, அவர் கல்லில் உட்கார்ந்தார்.

வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம் என்று டேவிட் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கவுண்டருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"பாக்க வேண்டாம்னா என்னங்க அர்த்தம்? என்ற தண்ட நான் பாக்காம வேற ஆருங்க பாப்பா?"

"கண்ணு போயிடும், பெரியவரே."

"தெனமும் விடியால சூரியனப் பாத்துக் கும்புடறவன் நானு. உன்ற வத்திக்குச்சிக்குப் பயப்படுவனா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். டேவிட் முகமூடியை இறக்கிக்கொண்டார். கவுண்டர் கையால் மறைக்காமல், முகம் திருப்பாமல், உருகி ஒட்டுகிற கம்பியான ராடு கடைசி வரை தீரும்வரை பார்த்தார். தண்டு வில்லுப்போல் வளையாமல், நூல் பிடித்தாற்போல் நேராக வந்திருந்தது. ஆறியதும் கையால் தடவிப் பார்த்து, "காஸுக்காரரே, உங்குளுக்கு இனி வேலை இல்லைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

மறுநாள் காலை, கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு பேர் கண்ணைத் திறக்க முடியாமல் வந்தார்கள். இரவெல்லாம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல இருந்ததாம். டேவிட் அவர்களை இருட்டறையில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, கண்ணில் ஒரு சொட்டுக்கூட எதையும் விடக்கூடாது என்றார். அவர்களுக்கு மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

அவர்கள் வந்த அந்தக் காலையிலேயே எங்களுக்குக் கவுண்டர் நினைவு வந்தது. அவர்களெல்லாம் தள்ளி நின்றவர்கள்; அவரோ பக்கத்துக் கல்லிலேயே உட்கார்ந்தவர். முதலாளி என்னைச் சைக்கிளில் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பாகு வாசனை வழியெல்லாம் வந்தது. கவுண்டர் வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். வலி பொறுக்காமல் முந்தின இரவிலிருந்து யாரோ சொன்ன பச்சிலைச் சாற்றைப் பிழிந்து ஊற்றியிருந்தார்கள். டேவிட் சொன்னதை நான் சொன்னேன். அவருடைய தம்பி, "ஊத்தியாச்சுங்களே" என்றார்.

இரண்டு கண்ணும் புண்ணாகி, மாசிக்குள் பூ விழுந்துவிட்டது. சேலம் ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள். வெளிச்சத்தால் வந்தது தானே ஆறியிருக்கும், சாறு ஊற்றியதுதான் கெடுத்தது என்று டாக்டர் சொன்னாராம். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சம் இல்லாமல் சாற்றுக்கு வேலை ஏது?

4. தகரம்

அதன்பிறகு செட்டைச் சுற்றி முதலாளி தகரம் அடித்தார். அவர் சொன்னபடியே வாடிக்கை குறைந்தது. உள்ளே என்னத்தை மாற்றுகிறார்களோ என்று எதிர்ப் பட்டறைக்குப் போனவர்கள் பலர். புது இயந்திரம் வாங்கும்போது அதை ஓட்டக் கற்றுக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. பழைய இயந்திரத்தோடு வந்த வழக்கங்களில் எதைக் கைவிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இந்தத் தொழிலில் கற்றது அதுதான்.

அடுத்த தையில் கவுண்டர் மறுபடி வந்தார். தம்பி கையைப் பிடித்திருந்தார். இந்த முறை உடைந்தது ஆலையின் வேறொரு இரும்பு. நாங்கள் ஒட்டிய தண்டு அப்படியே இருக்கிறது என்றார். டேவிட் இரும்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கவுண்டர் காலால் தரையைத் துழாவினார்.

"இங்க ஒரு கல்லு கெடந்துதுங்களே?"

தகரத்துக்கு உள்ளே இருக்கிறது என்றேன்.

"அப்ப என்னைய உள்ள உடுங்க. எனக்கு எதுக்குங்க தகரம்?"

நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்தேன். டேவிட் முகமூடியை இறக்கி ராடை வைத்ததும், கவுண்டர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, முடியும்வரை அப்படியே இருந்தார்.