கனடாவைப் பற்றிப் பேசப்போய்ப் பதவி போன கதை

ஜேர்மனியின் எசன் நகரில், யாழ்ப்பாணத்து எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் தலைவர். என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அது என் செல்வாக்கு என்று நினைத்திருந்தேன். மண்டபப் பூட்டின் திறப்பை வாங்கி வைத்திருக்க வேறு ஆள் இல்லாததுதான் காரணம் என்று பிறகு விளங்கியது.

போன கோடையில் ரொறன்ரோவில் தங்கை வீட்டில் நின்றேன். அங்கே பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்த ஒரு நூதனசாலையில், பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரரும் நிலத்தை விட்டு விரட்டப்பட்ட ஸ்கொட்லாந்துக்காரரும் கனடாவின் அரசியலில் கால் ஊன்றிய கதையை அரைகுறையாக வாசித்தேன். திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்திலேயே உரை வைத்தேன். அகதியாய் வந்தவர்கள் சனநாயகத்தை எப்படி வளர்க்கலாம் என்று விளாசினேன். எல்லாரும் கப்பலால் இறங்கியதும் கைகோர்த்துக்கொண்டு வாக்குப் போடப் போனதுபோலச் சொன்னேன். முன்வரிசை கண்ணை மூடியிருந்ததை ஆழ்ந்த கவனம் என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி நேரத்தில் எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மனைவி எழும்பினா. ஸ்கொட்லாந்துக்காரி, கிளாஸ்கோவில் பிறந்தவ, இங்கே பொறியியலாளர். மாமியாரோடு கதைத்துக் கதைத்துப் பழகிய யாழ்ப்பாணத் தமிழ். அவ அங்கே இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

“அண்ணை, அவையள் முதல்ல தெருவில தங்களுக்குள்ள அடிபட்டவை. கத்தோலிக்கர் ஒரு பக்கம், புரட்டஸ்தாந்தர் மற்றப் பக்கம். ஒண்டாய் இருக்கக் கஷ்டப்பட்டுத்தான் பழகினவை. அதோட, அந்த நிலத்தில அவைக்கு முந்தியே சனம் இருந்தது. அதை நீங்கள் சொல்லேல்லை.”

நேரம் போதாமல் விட்டுவிட்டேன் என்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருந்தேன்.

“சரி. அப்ப எங்கட சங்கத்தில எப்ப தேர்தல்?”

மண்டபம் விழித்துக்கொண்டது. அவ்வளவு முழங்கியபின் ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதமே வைத்தோம். அவவும் நின்றா, நானும் நின்றேன். எனக்குப் படுதோல்வி. என் மனைவி எனக்குத்தான் போட்டதாகச் சொல்கிறா. நான் கிளறவில்லை.

புதுத் தலைவி முதல் வேலையாக, எங்கள் ஊராருக்கு மட்டும் இருந்த அங்கத்துவத்தை எல்லாத் தமிழருக்கும் திறக்க வேண்டும் என்றா. தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் சில வாசலோரம் காத்திருந்தன. நான் கடுமையாக எதிர்த்துப் பேசினேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று அவ விதி வைத்திருந்ததால், விஷயத்துக்கு வருமுன் உட்கார வேண்டியதாயிற்று.

பிறகு அந்தக் குடும்பங்களில் ஒரு தாய், பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க இந்த நகரத்தில் தங்களுக்கு வேறு இடமில்லை என்றார். வாக்கெடுப்பில் என் கையும் மேலே போனது. பக்கத்தில் இருந்தவர், “நீங்கள் எதிர்க்கிற ஆள் எல்லோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஓம் என்றேன். கையை இறக்கவில்லை.