எருவண்டிக் கண்ணாடி

கைவண்டியின் பிடியைத் தொடுவதற்கு முன் டிரைவர் கண்ணாடியைத் துடைப்பார். துண்டின் நுனியில் எச்சில் தொட்டு ஒரு சுற்று, காய்ந்த நுனியால் ஒரு சுற்று. முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும், பின்னால் வருவதைக் காட்டும் பேருந்துப் பக்கக் கண்ணாடியை மட்டும் விடவில்லை. ஆட்டெரு அள்ளும் வண்டியில் கம்பி முறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்.

மனம் நொந்தவர்கள் வந்து தங்கி, மண்ணில் வேலை செய்தே தேறும் பண்ணை அது. டிரைவருக்கு அங்கே சம்பளம் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் தானாக வருகிறார். ஏன் என்று கேட்டால், "வீட்ல சும்மா உக்காந்தா, எறங்குற எடம் வந்துருச்சுன்றா வீட்டுக்காரி" என்பார். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. யாராவது படபடவென்று பேசினால் அந்தக் கால் தரையில் பிரேக் போடும்.

என் மகளை அங்கே சேர்த்து ஏழு வாரம். அவளைத் தனியே விடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் அவளுக்கு உடம்பு வெடவெடக்கும். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பின்னாலேயே ஆள் போட்டிருந்தார்கள். அதனால் டிரைவர் முன்னால் வண்டி தள்ளுவார், அவள் மண்வெட்டியோடு பின்னால் போவாள். முன்னால் போகிறவர் என்னத்தைப் பார்த்துக்கொள்வார் என்று முதல் நாளே சண்டைக்குப் போனேன். அவர் கண்ணாடியை விரலால் சுண்டிக் காட்டினார். நான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை; அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகளைப் பார்க்கப் போனவள், சமையற்கட்டு வாசற்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தக்காளிப் பாத்திக்கு எரு போய்க்கொண்டிருந்தது. நாலாவது நடையில் டிரைவரின் வலது கால் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் ஆள் இல்லை.

மகள் பின்னால் வழியோரக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் உள்பக்கம்.

எழுந்தேன். மடியிலிருந்த பட்டாணி சிதறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். டிரைவர் கிணற்றுப் பக்கம் திரும்பாமலே என்னை நோக்கிக் கையை நீட்டி உள்ளங்கையைத் தாழ்த்தினார். பேருந்துப் படியில் முண்டியடிக்கிற கூட்டத்தை அடக்கிய கை. என் வாய் மூடிக்கொண்டது, கால் மட்டும் கேட்காமல் தக்காளிப் பாத்தி வரை போய் நின்றது.

அவர் வண்டியைத் திருப்பவில்லை. கிணறு தெரியும் வரை கண்ணாடியைச் சாய்த்தார். வண்டியை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். ஓர் அடி, நிறுத்தம். இன்னோர் அடி, நிறுத்தம். "ரிவர்ஸ்ல வரேன்" என்று பொதுவாகச் சொன்னார். இருபதடி தூரம்.

சுவருக்கு மூன்றடி இருக்கும்போது அவள் பேசினாள்.

"கண்ணாடில என்னைத்தான பாக்குறீங்க?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

"எனக்கும் மொத நாளே தெரியும்ண்ணே."

அவர் பிடரி வியர்வை சட்டைக்குள் இறங்கியது. இறங்கு என்று அவர் சொல்லவில்லை. ஏன் ஏறினாய் என்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "குதிக்கிறதா வேணாமான்னு தெரியலண்ணே."

"சரிம்மா. தெரியற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்."

நின்றது. எரு வெயிலில் காய்ந்து ஈ மொய்த்தது. வெகுநேரம் கழித்து ஒரு கால் இந்தப் பக்கம் வந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்து மற்றது.

டிரைவர் எதையும் மறைக்கவில்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னார். மருந்து மாறியது. கிணற்றுக்கு இரும்பு மூடி வந்தது. இரண்டு வாரம் அவளுக்கு வெளிவேலை இல்லை.

நேற்றுதான் மறுபடி எரு நடை. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மகள் வண்டிப் பிடியைப் பற்றிக்கொண்டாள். "இன்னைக்கு நீங்க பின்னால வாங்கண்ணே."

அவளுக்குப் பின்னால் ஆளா? அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். சக்கரம் உருண்டது. டிரைவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுப் பின்தொடர்ந்தார். கண்ணாடியில் அவள் பார்வை தன்மேல் விழுந்ததும், கலைந்த நரைமுடியைக் கையால் படிய வாரி, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.