மஞ்சள் கிரிஸ்டல்

கல்யாணமாகி, அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்புக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் சாப்பாட்டு மேசை பறிபோனது. மேசை முழுக்கப் பழைய துண்டை விரித்து, அதன்மேல் முழங்கை நீளமுள்ள ஒரு காரைப் பிரித்துப் போட்டிருந்தார் என் கணவர். முள்ளு முள்ளாக நான்கு டயர்கள், எண்ணெய் நிரப்பிய சின்னச் சின்ன ஷாக் அப்சார்பர்கள், விரல் நகத்தைவிடச் சிறிய பேரிங்குகள். "பொம்மைக் காரா?" என்று கேட்டுவிட்டேன். அன்று பகல் முழுக்க மனுஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது மண்ணில் ஓடும் பந்தயக் கார், பக்கி என்று பெயர், ரிமோட்டில் ஓட்டுவது, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது என்ற விளக்கமெல்லாம் சாயங்காலம்தான் கிடைத்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் எனக்குப் புதிதில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காமல் ஒருநாள் கை வைத்தேன். கொஞ்ச நாளில் வேலை மொத்தமும் என் தலையில் விழுந்தது. ஓட்டுவது அவர், பராமரிப்பது நான் என்று ஆயிற்று.

கடற்கரை மணலில் ஓடிவிட்டு வரும் வண்டியைப் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் அலச வேண்டும். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் சேரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். காகிதம் கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்தால் இடைவெளி சரி. இறுகிய மணலுக்கு ஷாக்கில் கெட்டி எண்ணெய் வேண்டும் என்பேன் நான், இளகிய எண்ணெய்தான் என்பார் அவர். முன்சக்கரம் எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் போட்ட சண்டையை, நாத்தனார் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்பதற்குக்கூடப் போட்டதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் குடியிருப்பில் நான்கு பேர் இருந்தார்கள். கோடையில் செங்கல்பட்டுப் பக்கம் ஏரி வற்றினால் அங்கே போவார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சட்ராஸ் என்கிற சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு வடக்கே, அலை நனைத்து இறுகிய மணலில் ஓட்டுவார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ரிமோட்டிலும் கிரிஸ்டல் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். காருக்குள் இருக்கும் ரிசீவரிலும் அதற்கு ஜோடி இருக்கும். எந்த அலைவரிசை என்பதற்கு நிறம்தான் அடையாளம். ஒரே நிறத்தில் இரண்டு ரிமோட்டுகளைப் போட்டால் ஒருவர் காரை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார். என் கணவருக்கும், எதிர் பிளாக்கில் குடியிருந்த அவருடைய நண்பருக்கும் மஞ்சள். யாராவது ஒருவர் வேறு நிறம் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் வீம்பு. "நான் எதுக்கு மாத்தணும்? அவன் மாத்தட்டும்." கடைசியில், கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின்மேல் யார் ரிமோட்டை முதலில் வைக்கிறாரோ அவருக்குத்தான் அன்றைக்கு மஞ்சள் என்று முடிவாயிற்று. மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கு முன்னால் கடற்கரைக்கு ஓடுவது ஒரு தனிப் பந்தயமாக இருந்தது. கார் தயாரோ இல்லையோ, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இவர் கிளம்பிவிடுவார்.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான் கிளம்பினார். கார் பிரித்தபடி கிடந்தது. பின்பக்கக் கியர் பெட்டியில் ஒரு ஸ்க்ரூவின் தலை மழுங்கிப்போய் வரமாட்டேன் என்றது. "நீ முடிச்சு எடுத்துட்டு வா, அவன் முந்திக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். நான் அந்த ஸ்க்ரூவைத் திட்டிக்கொண்டே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக முடித்து, காரைப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கியபோது கடல் பக்கத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். நண்பர் அன்று தூங்கிப்போனதால் பிழைத்தார்.

மொபெட் சவுக்குத் தோப்பில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களை எல்லாம் பார்த்தேன். மகாபலிபுரம் வரை ஒவ்வொரு முகாமாகப் போய் விசாரித்தேன். தை பிறந்ததும் திருச்சியிலிருந்து மாமியார் போன் செய்தார். "காரியம் பண்ணிடலாம்மா. எம்புள்ள அலையக் கூடாது." நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் அவரைச் செத்தவர் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. மாமியாருக்கு என்மேல் கோபம். எனக்கு எல்லார்மேலும் கோபம்.

காரை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டேன். வந்து கேட்டால் தயாராக இருக்க வேண்டுமே. ஞாயிறு காலையில் துடைத்து, எண்ணெய் மாற்றி, பேட்டரியை சார்ஜ் போடுவேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கரங்கள் தரையில் படாமல் காரை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, சும்மா ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன்.

ரிமோட் இல்லாமல் காரை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரிசீவர் காற்றில் இருக்கும் குப்பையை எல்லாம் பிடிக்கும், முன்சக்கரங்கள் குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கும். அப்படித்தான் நடுங்கின. அப்புறம் சட்டென்று நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றால் எங்கோ ஒரு மஞ்சள் ரிமோட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

முன்சக்கரங்கள் நிதானமாக இடது கோடி வரை திரும்பின. கொஞ்சம் நின்றன. வலது கோடிக்குப் போயின. நடுவுக்கு வந்தன. பின்சக்கரங்கள் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கின. ஓட்டுவதற்கு முன்னால் அவர் எப்போதும் செய்து பார்க்கிற வரிசை அது. அந்த நால்வருமே அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. இருந்தாலும் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்தேன்.

மற்ற இரண்டு பேரும் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எதிர் பிளாக் நண்பரை மாடிப்படியில் பார்த்து, இப்போதும் கார் ஓட்டுகிறாரா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "என் ரிமோட்ட மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன் சிஸ்டர். தொடவே மனசு வரல" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் சக்கரத்தைத் திருப்புவது யார்?

அடுத்த ஞாயிறும் திரும்பின. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. காலை நாஸ்தா நேரத்தில்தான் வரும். கொஞ்ச நேரம் நடுங்கும், அடங்கும், இடது, வலது, நடு. நான் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்: "இருக்கீங்களா?" இடது பக்கம் திரும்பியது. "எங்க இருக்கீங்க?" அசையவில்லை. "வருவீங்களா?" பழையபடி நடுக்கம் வந்துவிட்டது. படித்தவள், கருவிகளோடு குப்பை கொட்டுகிறவள், சக்கரத்தைத் திருப்பும் ஒரு சர்வோ மோட்டாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு இரண்டு தட்டு வைத்தேன்.

மாமியாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ "எந்தப் பக்கம்மா திரும்புச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு காரியத்தைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் ஆனால் போன் வரும். "இன்னிக்கு அசைஞ்சதாம்மா?" அசைந்தது அத்தை என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார். ஒருத்தி போதாதென்று இரண்டு பேர் அந்தக் காரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, சக்கரங்கள் திரும்பித் திரும்பி நின்றன. அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. இருந்தால் எங்கே என்று தெரிய வேண்டும். ரிசீவரின் ஆன்டெனா கம்பியைச் சுருட்டி நாடாவால் கட்டினேன். அப்படிச் செய்தால் தூரத்து அலை எட்டாது, பக்கத்தில் இருப்பது மட்டும்தான் எட்டும். சக்கரங்கள் உடனே நடுங்க ஆரம்பித்தன. காரைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

கேட் பக்கம் நடந்தேன், நடுக்கம் அதிகமாயிற்று. தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் அதே கதை. துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்கள். எதிர் பிளாக்கை நெருங்கியதும் நடுக்கம் விட்டு விட்டு வந்தது. அதன் படியில் ஏறினேன். முதல் மாடியில் சக்கரங்கள் முழுசாக அடங்கிவிட்டன. என் கைக்குள் நிதானமாக இடது பக்கம் திரும்பின. நண்பருடைய வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். அவர் மேசை முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவருடைய கார். அவர் ரிமோட்டின் குச்சியைத் தள்ளியபோது, அந்தக் காரின் சக்கரங்களும் என் கையிலிருந்த காரின் சக்கரங்களும் ஒரே சமயத்தில் வலது பக்கம் திரும்பின.

"பரண்ல போட்டுட்டேன்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். அப்போதுதான் அவர் கையிலிருந்ததைச் சரியாகப் பார்த்தேன். அது அவருடைய ரிமோட் இல்லை. அதில் தொங்கிய கழுத்துப் பட்டை, என் பழைய கைப்பையின் வாரை அறுத்து நானே தைத்துக் கொடுத்தது. பழுப்பு நூல் தீர்ந்துபோய்ப் பாதிக்கு மேல் பச்சை நூலில் தைத்திருந்தேன்.

நண்பர் ரிமோட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "சட்ராஸ்ல மீன் வாங்கப் போனப்ப பாத்தேன் சிஸ்டர். ஒருத்தர் ஷெட்டுல ஆணியில தொங்கிச்சு. உப்புத் தண்ணி ஏறி உள்ள எல்லாம் பச்சை புடிச்சுப் போயிருந்தது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டிருந்தேன். ஓடுற மாதிரி பண்ணியாவது குடுக்கலாம்னு. வெறும் பெட்டியை எப்படிக் கொண்டுவந்து நீட்டறது? உங்க கார் ஆன்ல இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். அதனால் அறையவில்லை. "அந்த ஆள் கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

சதுரங்கப்பட்டினத்தில் மீனவர்களுக்குத் தகரத்தில் தற்காலிக ஷெட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நண்பரைப் பார்த்ததும் எழுந்தார். "இன்னா சார், இவங்கதானா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நாந்தாங்க்கா தூக்குனேன். தோப்பாண்ட கெடந்தாரு. மூஞ்சி அடையாளம் தெர்ல. யாரு இன்னான்னு கேக்க அன்னிக்கு ஆளு ஏது? எங்க ஜனத்தோட சேத்துதான் பொதைச்சோம், நம்ம வூட்டு ஆளுங்க மாரி சூடம் காட்டிதான் பொதைச்சோம். யாராச்சும் தேடிக்கினு வருவாங்கன்னு அந்தப் பொட்டிய மட்டும் எடுத்து வச்சேன். ரேடியோன்னு நெனச்சேன்."

"கழுத்துல இருந்ததா?" என்று கேட்டேன்.

"கழுத்துல பட்டை இருந்திச்சி. ஆனா ரெண்டு கையும் பொட்டிய கெட்டியா புடிச்சிக்கினு இருந்திச்சிக்கா. வுடவே இல்ல. ஒவ்வொரு வெரலா பிரிச்சிதான் எடுத்தேன்."

கோட்டைக்கு அந்தப் பக்கம் மணல் மேட்டைக் காட்டினார். எல்லாரையும் ஒரே இடத்தில்தான் புதைத்திருந்தார்கள், இன்னார் இங்கே என்று சொல்ல முடியாது என்றார். போய் நின்று பார்த்தேன். கடல் எந்தச் சலனமும் இல்லாமல் வெயிலில் கிடந்தது. இத்தனை வாரமாக அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, செத்தவர் கையிலிருந்து எடுத்த பெட்டி. அது புரிந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து திருச்சிக்குப் போட்டேன். மாமியார்தான் எடுத்தார். "அத்தை, காரியத்துக்கு நாள் பாருங்க" என்றேன்.

"ஏம்மா, இன்னிக்கு அசையலையா?"

"அசைஞ்சது அத்தை. அது அவர் இல்ல."

அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.