சாவி போடு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், என் அக்காவுக்கு. அவள் கார் மெக்கானிக். பொய் சொல்ல வராது. பயந்து ஓடவும் வராது.

அன்று அவள் பட்டறைக்கு வந்த வெள்ளைக் கார் ஏற்கெனவே வேறு மூன்று பட்டறை ஏறி இறங்கியிருந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சூடானால்தான் வேலை செய்யும். அதற்காக உள்ளே ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை. எல்லோரும் சென்சாரையே மாற்றி மாற்றிப் போட்டும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்தபாடில்லை. கோளாறு வயரில்தான் என்றாள் அக்கா. முதலாளி சிரித்தார். தான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால், நாளை முதல் கார் கழுவத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்ட எனக்கே ரத்தம் கொதித்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வேலைப் பையன்களும் சாப்பிடப் போக, பட்டறை காலியானது. அக்கா காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, சென்சார் பக்கத்து வயரில் மின்சாரம் வந்தால் எரியும் டெஸ்ட் லைட்டைக் குத்தினாள். மேலே யாராவது சாவி போட வேண்டும். அப்போது கதவு திறக்கும் சத்தம். சீட் கிறீச்சிட்டது. பையன்களில் யாரோ திரும்பிவிட்டான் என்று நினைத்தாள்.

“சாவி போடு.”

டிக். பெட்ரோல் பம்ப் ‘ங்ங்...’ என்றது. லைட் எரியவில்லை.

“ஆஃப்.”

மறுபடியும் டிக். ஒரு சாண் முன்னால் தள்ளிக் குத்தினாள்.

“போடு.”

டிக். ங்ங்... லைட் பளிச்சென்று எரிந்தது. அந்த ஒரு சாணுக்குள்தான் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயருக்காகப் பேன்ட் பைக்குள் கையை விட்டாள்.

கையில் தட்டுப்பட்டது... அந்தக் காரின் சாவி.

வெளியே வந்து பார்த்தாள். சீட்டில் யாரும் இல்லை. சாவித் துவாரம் காலி. அமுங்கியிருந்த சீட் மட்டும் மெல்ல... மெல்ல எழும்பியது.

அக்காவுக்குப் பயம்தான். அதைவிடக் கோபம் வந்தது. ஓடினால் முதலாளி சிரிப்பார்.

மறுபடியும் அடியில் போய்ப் படுத்தாள்.

“நீங்க யாரா வேணா இருங்க. வேலை முடியாம நான் எந்திரிக்க மாட்டேன்.”

அறுந்த இடத்தை வெட்டி, புது வயர் வைத்து இணைத்தாள். சென்சார் பக்கம் லைட்டைக் குத்தினாள்.

“போடுங்க.”

சத்தமே இல்லை.

டிக்.

ங்ங்...

எரிந்தது.

முதலாளி வந்து பார்த்தபோது மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. அடுத்த காரின் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் காரை எடுக்க ஒரு பெண் வந்தாள். இதை முன்னால் யார் ஓட்டினார்கள் என்று அக்கா கேட்டாள். அப்பா என்றாள் அவள். இதே கோளாறுக்காக முதன்முதலில் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்திருந்தார்களாம். அவர் வந்தபோது அப்பா சீட்டில்தான் இருந்தாராம்.

“கீழேருந்து அவர் சொல்லச் சொல்ல, அப்பா சாவியப் போட்டுப் போட்டு அணைச்சிருக்கார். எந்திரிச்சுப் பாத்தா, அசையாம உக்காந்திருக்கார். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, உயிர் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னார்.”

அந்த மெக்கானிக் வீட்டுக்கு வந்தே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.