ஐந்து மணிச் சங்கும் ஒரு சடுகுடு ஆட்டமும்

இதை நான் எழுதலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதினாலே நலம் விசாரித்து முடித்ததும் எனக்கு மேலே ஓடாது. விளையாட்டைப் பற்றிச் சொல்ல விளையாடியவர்கள் இருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தாவணி முனையைக் கடித்தபடி ஓரத்தில் நின்று பார்த்த ஒருத்தி பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை எழுத வைத்தது என் மகனும் அவன் கூட்டாளிகளும்தான். போன வாரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, யார் எந்த ஆட்டத்தை நேரில் பார்த்தது என்று போட்டி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்திருக்கிறான். இன்னொருவன் டிக்கெட் கிடைக்காமல் மரத்தில் ஏறிப் பார்த்து, கட்டெறும்பு கடித்து இறங்கியிருக்கிறான். டீ கொண்டுபோன என்னைக் காட்டி, "எங்கம்மா டி.வி.லகூட பாக்காது" என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். ஆனால் நானும் ஒரே ஒரு ஆட்டம் நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். நேற்று வரைக்கும் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், இன்றைக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனார்கள். என் அண்ணனும் போனான். ஆனால் டிபன் கேரியர் கொண்டுபோகிற ஆள் இல்லை அவன். இரும்புக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் கூலி ஆள். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவார். விரல் படாதவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். மூன்று வருடம் அண்ணன் அப்படி நின்றான். பர்மனென்ட் ஆட்களுக்குப் படம் ஒட்டிய ஒரு கார்டு உண்டு. அதைக் காட்டிவிட்டு அவர்கள் உள்ளே போவதை, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வருடம் கம்பெனிகளும் சுற்றுப்பட்டு ஊர்களும் சேர்ந்து சடுகுடுப் போட்டி நடத்தினார்கள். அண்ணன் வேலை செய்த கம்பெனி டீமுக்கு எங்கள் அடுத்த வீட்டு ஃபிட்டர்தான் கேப்டன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் டீமில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஃபிட்டர் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டேய், நீ அறுவடை டைம்ல வயல்ல பசங்களோட ஆடுவியே, வர்றியா?"

"நான் கூலி ஆளுண்ணா. உடுவாங்களா?"

"மேனேஜர் கைல கேட்டுட்டேன். ஷீல்டு வந்துச்சுன்னா உனக்குக் கார்டு போட்டுக் குடுக்கறேன்னு சொல்லிகிறாரு. வரலன்னா பழையபடி மேஸ்திரி விரலுதான்."

அம்மா உள்ளே கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கஞ்சி தரையில் ஓடியது.

மேலே சொல்லும் முன் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிர் ஆட்களின் எல்லைக்குள் போவார். யாரையாவது தொட்டுவிட்டு, அதே மூச்சோடு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டால் அவர் தொட்டவர்களும் அவரைப் பிடித்தவர்களும் எல்லாரும் அவுட், ஆளுக்கு ஒரு புள்ளி. அவரைப் பிடித்து, மூச்சு அறுகிற வரைக்கும் விடாமல் வைத்திருந்தால் அவர் அவுட். அண்ணன் பாடப் போகிறவன் இல்லை. பிடிக்கிறவன்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கம்பெனி மதிலுக்கு வெளியே இருந்த பொட்டலில்தான் ஆட்டம். மண்ணைச் சலித்துக் கொட்டித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஆண்கள் லாரிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலியில் மேனேஜர். பெண்கள் அதிகம் இல்லை. ஃபிட்டரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டாள். அம்மா வரவில்லை. பார்த்தால் உயிர் போய்விடும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

எதிர் டீம் பெரியபாளையம் பக்கத்து ஊர்க்காரர்கள். ஏர் ஓட்டுகிறவர்கள், மண்வெட்டி பிடிக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் தனியாகத் தெரிந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல உயரம், கரும்பலகை மாதிரி முதுகு. நடுவர் அவர் கையைத் தடவிப் பார்த்து, "எண்ணெய் தடவிகிறியா? போ, மண்ணைப் போட்டுத் தேய்ச்சிக்கினு வா" என்று திருப்பி அனுப்பினார்.

"பார்டி, தாளிக்க ரெடியா வந்துகிறான்" என்றாள் அக்கா.

அந்த ஆள் பாட ஆரம்பித்ததும் அக்காவே வாயை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் பாட்டு என்றால் தொண்டையில் வருவது என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. தூரத்தில் மோட்டார் பம்ப் ஓடுகிற மாதிரி ஒரே சீராக, ஏற்றம் இறக்கம் இல்லாமல். அவசரமே இல்லை அவரிடம். வயலில் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வந்தவர் போல உள்ளே நடந்தார். திரும்பிப் போகும்போது நம் ஆட்கள் இரண்டு பேர் அவுட்.

அண்ணன் மூலையில் நின்றிருந்தான். முதல் பாதியில் இரண்டு முறை அந்த ஆளின் காலைப் பிடித்தான். இரண்டு முறையும் கால் உருவிக்கொண்டு போய்விட்டது. லாரி மேலிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னா தம்பி, கூலி கம்மியா குடுத்துட்டாங்களா? புடிக்கவே மாட்ற!" சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் பர்மனென்ட் ஆட்கள், நம் டீமுக்காகக் கத்த வந்தவர்கள். ஃபிட்டர் திரும்பி, "மூளைய ஊட்ல வெச்சுட்டு வந்தியாடா? கணுக்கால புடிக்காத, தொடையப் புடி" என்று எரிந்து விழுந்தார். மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் அண்ணனைக் கைகாட்டிப் பதில் சொன்னார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். நான் பார்த்தேன். கார்டு கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் ஃபிட்டர் வரிசையாகப் புள்ளி எடுத்தார். கடைசியில் நாங்கள் இரண்டு புள்ளி அதிகம். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று அக்கா சொன்னாள். நம் பக்கம் ஐந்து பேர் மிச்சம். அந்த உயரமானவர் கடைசியாகப் பாட வந்தார்.

இந்தத் தடவை அவர் நேராக உள்ளே நுழைந்தார். ஃபிட்டரின் தோளில் தட்டிவிட்டுத் திரும்பும்போது அண்ணன் பாய்ந்தான். வலது கையால் தொடையைச் சுற்றி வளைத்துக்கொண்டான். அடுத்த நொடி மற்ற நான்கு பேரும் அவர் மேல் விழுந்தார்கள். அவர் ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிச் சரிந்தார். அங்கே ஒரு குவியல்தான் தெரிந்தது. குவியலுக்கு அடியிலிருந்து அந்தப் பம்ப் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நடுக்கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்.

அப்போது கம்பெனியில் ஐந்து மணிச் சங்கு ஊதியது.

உலை இருக்கிற கம்பெனி அது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். சங்கும் ஊதும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்து நடந்ததை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சங்கு கேட்டதும் நான்கு பேருடைய கைகளும் தாமாகவே விட்டுவிட்டன. ஃபிட்டர் எழுந்தே நின்றுவிட்டார். ஒருவர் கைகளை ஒன்றோடொன்று தட்டித் தூசியைக்கூட உதறினார். எத்தனை வருடப் பழக்கம்! சங்கு ஊதினால் ஸ்பேனரைக் கீழே போட வேண்டும், மெஷினை நிறுத்த வேண்டும். மனசுக்குத் தெரியும் முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

"யோவ்! இன்னாய்யா உட்டுட்ட!" அக்கா போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. "சங்கு ஊதனா ஊட்டுக்குக் கெளம்பிடுவியா? இங்க இன்னா சோறா வெந்துகினு கீது!"

ஃபிட்டருக்கு அது கேட்டிருக்காது. சங்குக்கு முன்னால் யார் குரல் எடுபடும்? அவர் தன் வெறும் கைகளைப் பார்த்தார். திரும்பக் குனிந்து பிடிக்கலாம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

குவியல் கலைந்து போனதால் எனக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. அந்தப் பெரிய ஆள் குப்புறக் கிடந்து, முழங்கையை ஊன்றி ஊன்றிக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். அவர் தொடையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒருத்தன். என் அண்ணன். அந்த ஆள் கோட்டைத் தொட்டால் ஐந்து பேரும் அவுட், ஷீல்டு போச்சு.

சங்கு நிற்கவில்லை. பாட்டு கேட்கவில்லை. நடுவர் மண்ணில் படுத்து, அந்த ஆளின் வாய்க்குப் பக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டார். விசில் அவர் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை. அப்படியென்றால் மூச்சு இன்னும் அறவில்லை. அண்ணன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி அவர் இடுப்போடு பதித்திருந்தான். கண் மூடியிருந்தது. கால் கட்டைவிரல் இரண்டும் ஈர மண்ணில் புதைந்து, உழுத மாதிரி இரண்டு கோடு இழுத்துக்கொண்டே வந்தன. வீட்டில் அம்மா ஒரு குரல் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறவன் அவன். அவனுக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவன் முகத்தில் கோபமோ வெறியோ எதுவும் இல்லை. தூங்குகிறவன் முகம் மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

சங்கு மெல்ல இறங்கி ஓய்ந்தது. அத்தனை ஜனமும் வாயே திறக்கவில்லை. அந்த அமைதியில் பாட்டு மறுபடியும் கேட்டது. பம்ப் சத்தம் போய்விட்டிருந்தது. நூல் போல ஒரு சத்தம்: "கபடி... கபடி..." சங்கு ஊதி முடிகிற வரைக்கும் அந்த மனிதர் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்! எங்களுக்கு எதிரி என்பதே மறந்துபோனது. அவர் மூச்சு அறக் கூடாது, அண்ணன் கையும் விடக் கூடாது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. அவர் விரல் நுனிக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் கூட இல்லை. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றிருந்தார்.

விரல் ஒருமுறை நீண்டது. நூல் அறுந்தது. நடுவர் விசில் ஊதினார்.

அந்தப் பெரிய ஆள் புரண்டு மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். அண்ணன் இன்னும் விடவில்லை. நடுவர் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் லாரிகளின் மேலிருந்து சத்தம் எழுந்தது. முன்பு சிரித்தவர்களே துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்து இறங்கினார்கள்.

அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அதனால் கேட்டது.

"அத்தினி பேரும் உட்டாங்களே நைனா. நீ மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு இருந்தே?"

"அது பர்மனென்ட் ஆளுங்களுக்கு ஊதறதுண்ணா" என்றான் அண்ணன். "எங்களுக்கு லாரி ரொம்பினாதான் ஊட்டுக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கக்கூட அவருக்கு மூச்சு மிச்சம் இருந்தது. அண்ணனைத் தூக்கி நிறுத்தக் கையைக் கொடுத்தார். அப்போதுதான் அண்ணன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றான்.

மிச்சம் இருந்த ஒரு நிமிடத்தில் வேறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்று புள்ளியில் நாங்கள் ஜெயித்தோம். ஷீல்டை ஃபிட்டர்தான் வாங்கினார். வாங்கிவிட்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், நேராக வந்து அதை அண்ணனின் இடது கையில் கொடுத்தார். "என் கைய ஒடச்சி அடுப்புல வெக்கணும்டா" என்றார். "வெய்யி, நாளைக்கு வெறகு மிச்சம்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வரும்போது நான் அண்ணனுக்கு நாலடி பின்னால் நடந்தேன். எப்போதும் பக்கத்தில் நடக்கிறவள்தான். அன்றைக்கு முடியவில்லை. அவனோடு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவன் பாட்டுக்கு, "பசிக்குது, அம்மா இன்னா பண்ணிகிது?" என்று கேட்டுக்கொண்டு போனான். அம்மா அவன் தோளுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். ஆட்டம் எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டாள். "ஜெயிச்சாங்க" என்றேன். அதற்கு மேல் அன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோள் வீங்கி வலது கையில் பேனா பிடிக்க முடியாததால், இடது கட்டைவிரல் ரேகையை வைத்துக் கார்டை வாங்கிக்கொண்டு வந்தான்.